கிரீஸ் 12 நாள்: வாடகைக் கார் + தீவுகள், எதை முன்னால் வைப்பது?

வழிப்போக்கன்_12

வணக்கம். செப்டம்பர் 18 மதியம் ஏதென்ஸில் இறங்குகிறோம். 29 இரவு பத்து மணிக்குத் திரும்பும் விமானம். நான், மனைவி, அப்பா (68), அம்மா (64). அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு, படிகள் அதிகம் ஆகாது. பெற்றோர் இருவரும் சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்கள். சென்னையிலிருந்து வருகிறோம். ஓட்டப்போவது நான் மட்டும்தான்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது இது: 18, 19 ஏதென்ஸ். 20 டெல்ஃபி. 21 மெட்டியோரா. 22 ஒலிம்பியா. 23 நாஃப்பிலியோ. 24, 25, 26 சாண்டோரினி. 27, 28 மிக்கொனோஸ். 29 காலைக் கப்பலில் திரும்பி நேராக விமான நிலையம்.

கேள்விகள்: ஏதென்ஸில் எடுக்கும் காரையே கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோவது நல்லதா? இந்த வரிசை நடைமுறைக்கு ஒத்துவருமா? இந்திய லைசென்ஸுக்கு வேறென்ன வேண்டும்? விடுதி எதுவும் இன்னும் பணம் கட்டி உறுதி செய்யவில்லை. தாராளமாக வெட்டலாம், ஒட்டலாம்.

தெற்குக்காற்று

வெட்டத்தான் வேண்டும். முதலில் கடைசி நாள். 29 காலைக் கப்பல், இரவு விமானம் என்பதை இன்றே மாற்றுங்கள். ஏஜியன் கடலில் காற்று கூடினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் கிளம்பத் தடை போடுவார்கள். அதிவேகப் படகுகளைக் குறைந்த காற்றிலேயே நிறுத்திவிடுவார்கள். பெரிய கப்பல்கள் பொதுவாகக் காற்று போஃபோர்ட் என்ற காற்றுவேக அளவுகோலில் 8ஐத் தொடும்போது நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் அடிக்கும் மெல்தெமி என்ற வடகாற்று செப்டம்பர் கடைசியில் தணிந்துவிடும். ஆனால் இலையுதிர்கால முதல் புயற்சின்னங்கள் அப்போதுதான் வர ஆரம்பிக்கும். மாலுமிகள் வேலைநிறுத்தம் வேறு எப்போது வேண்டுமானாலும் வரும். கப்பல் நின்றால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் அல்லது அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

சாலைக்குக் காற்றுத் தடை கிடையாது. ஆகவே தீவுகளை முன்னால் வையுங்கள், கார்ப் பயணத்தைப் பின்னால் வையுங்கள். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. ஏதென்ஸ் ஊருக்குள் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டியதில்லை. காரை விமான நிலையத்தில் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிவிடலாம். ஊருக்குள் நிறுத்த இடம் தேடுவது தனி வதை: வெள்ளைக் கோடு வெளியாட்களுக்குக் கட்டணத்தில், நீலக் கோடு அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்களுக்கு.

அடுத்தது, மெட்டியோராவிலிருந்து ஒலிம்பியா. வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும். எந்த வழியாகப் போனாலும் கிட்டத்தட்ட 400 கி.மீ., ஐந்து மணி நேரத்துக்கு மேல். முந்தின நாள் டெல்ஃபியிலிருந்து 230 கி.மீ. ஓட்டி வந்திருப்பீர்கள், மறுநாள் நாஃப்பிலியோவுக்கு மலைவழியாக இரண்டே முக்கால் மணி நேரம். ஒரே ஆள் ஓட்டுகிறார், பின்சீட்டில் முழங்கால் வலியோடு ஒருவர். ஒலிம்பியாவை விட்டுவிடுங்கள். மனசு வராதுதான்.

சாண்டோரினி, மிக்கொனோஸ் இரண்டும் சேர்ந்து ஐந்து இரவு. நடுவில் ஒரு கப்பல், இரண்டு துறைமுகம், இரண்டு முறை மூட்டை கட்டுவது. உங்கள் குடும்பத்துக்கு நாக்சோஸ் ஒன்றே போதும் என்பது என் கருத்து. பெரிய தீவு, 430 சதுர கி.மீ. துறைமுகத் தெரு சமதளம். ஆகியோஸ் யோர்கியோஸ் கடற்கரைக்கு ஊரிலிருந்து நடந்தே போகலாம். ஹால்கி, அப்பிரான்தோஸ் மாதிரி மலையூர்களுக்கு ஒரு நாள் உள்ளூர்க் கார் எடுத்தால் போதும். சாண்டோரினியில் எரிமலை விளிம்பு ஊர்கள் எல்லாமே படிக்கட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு இறங்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அது ஆகாது.

நான் போடும் வரிசை:

18: விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 3ஆம் தடத்தில் நேராகப் பிரேயஸ் துறைமுகம், சுமார் ஒரு மணி நேரம். 2022 அக்டோபரிலிருந்து வண்டி மாற வேண்டியதில்லை. இரவு பிரேயஸிலேயே.

19: காலைக் கப்பலில் நாக்சோஸ், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். 19, 20, 21 இரவுகள் அங்கே.

22: கப்பலில் திரும்பி ஏதென்ஸ். 22, 23 இரவுகள். இங்கேதான் காற்றுக்கான இடைவெளி இருக்கிறது. 22 கப்பல் நின்றாலும் 23 வந்துவிடலாம். அக்ரோபோலிஸை 23 மாலைக்கு வையுங்கள். டிக்கெட் 30 யூரோ, நுழையும் நேரத்தைக் குறிப்பிட்டுத்தான் விற்பார்கள்.

24: காலை மெட்ரோவில் விமான நிலையம், கார், நாஃப்பிலியோ. கொரிந்த் கால்வாயில் நின்று மொத்தம் மூன்று மணி நேரம். 24, 25 இரவுகள்.

26: கொரிந்த், ரியோ பாலம், நாஃப்பாக்டோஸ் வழியாக டெல்ஃபி. சுமார் 300 கி.மீ., நான்கு மணி நேரம்.

27: காலை 8 மணிக்கு டெல்ஃபி இடிபாடுகள், பிறகு அருங்காட்சியகம், மதியம் மெட்டியோரா மடப் பாறைகளின் அடிவார ஊரான கலம்பாக்கா. 27, 28 இரவுகள்.

29: காலை 11 மணிக்குள் கிளம்பி விமான நிலையம். சுமார் 370 கி.மீ., நாலரை மணி நேரம்.

26ஆம் தேதி ஓட்டம்தான் நீளம். நாஃப்பாக்டோஸின் குட்டிக் கோட்டைத் துறைமுகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றால் இரண்டாகப் பிரிந்துவிடும். பெரிய தொல்லியல் இடங்களுக்குச் செப்டம்பர் இரண்டாம் பாதியில் மூடும் நேரம் இரவு 7. கோடையில் 8. அக்டோபர் பிறந்தால் ஆறரை. பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

கப்பல்தளம்

காரைக் கப்பலில் ஏற்றுவது பற்றி மட்டும்.

நிறைய வாடகை நிறுவனங்கள் அதை ஒப்பந்தத்திலேயே தடுத்திருக்கும். சில, எழுத்துமூலம் அனுமதி கொடுத்து அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும். கவுண்டரில் இருப்பவர் வாய்வார்த்தையாக 'ஒன்றும் பிரச்சினையில்லை' என்றால் அது செல்லாது. அனுமதி கிடைத்தாலும், கப்பலில் இருக்கும் நேரத்துக்குக் காப்பீடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் இராது. நசுங்குவது அங்கேதான்.

ஏன் என்பதற்கு ஏற்றும் விதத்தைப் பார்க்க வேண்டும். பின்கதவு திறந்து ஏற்றுதளம் கரையில் விழும். பல கப்பல்களில் வண்டியை ரிவர்ஸில்தான் உள்ளே எடுக்கச் சொல்வார்கள். தளத்தில் நிற்கும் ஆள் விசிலடித்துக்கொண்டே ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று கையால் காட்டுவார். கண்ணாடியைப் பார்க்காமல் அவர் கையை மட்டும் பாருங்கள். பக்கத்து லாரிக்கும் உங்களுக்கும் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளிதான் இருக்கும். நிறுத்தியதும் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு இறங்க வேண்டும். ஓட்டுநர் மட்டுமே காரோடு உள்ளே வரலாம், மற்றவர்கள் நடந்து ஏற வேண்டும். அம்மாவை வண்டியிலேயே உட்கார வைத்து ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெரிய கப்பல்களில் எஸ்கலேட்டர் அல்லது லிஃப்ட் இருக்கும். தளத்து ஊழியரிடம் முழங்காலைக் காட்டினால் போதும், வழிவிடுவார்கள்.

டிக்கெட் விலை காரின் நீளத்தைப் பொறுத்தது. 4.25 மீட்டர் என்பது வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால் விலை ஏறும். வண்டி எண்ணையும் கேட்பார்கள். வாடகைக் கார் எண் முன்கூட்டித் தெரியாது என்பதால், கையில் வந்ததும் டிக்கெட்டில் திருத்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு தீவில் மூன்று நாள் ஓட்டுவதற்காகப் போகவர கார் டிக்கெட் எடுப்பதைவிட, தீவிலேயே ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மலிவு. நடந்து ஏறுங்கள். பெட்டிகளை ஏற்றுதளத்துக்கு உள்ளேயே, தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைக்க வேண்டும். தப்பான அடுக்கில் வைத்தால் பாரோஸில் இறங்குபவர்கள் உங்கள் பெட்டியை ஓரங்கட்டி வைத்திருப்பார்கள், நாக்சோஸ் வந்ததும் தேட வேண்டும். தீவில் கப்பல் நிற்பது சில நிமிடம்தான். அறிவிப்பு வந்ததும் கீழே இறங்கி, கதவு திறக்கும் முன்னாலேயே பெட்டியோடு நில்லுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்து இறங்கலாம் என்றால் அடுத்த தீவில்தான் இறங்குவீர்கள்.

பிரேயஸ் பெரிய துறைமுகம். வாசல்கள் ஈ1 முதல் ஈ12 வரை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பெட்டியோடு நடக்க முடியாது. எந்த வாசல் என்பதை முந்தின மாலையே பார்த்து வையுங்கள். விடுதியையும் அந்தப் பக்கமாகவே எடுங்கள். கப்பல் எங்கே வருகிறது என்று மெரின்டிராஃபிக் செயலியில் பார்க்கலாம். தாமதமாகிறதா என்பது கவுண்டரில் சொல்வதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும்.

மேற்குக்கரை

தெற்குக்காற்று போட்ட வரிசையில் தப்பில்லை. ஆனால் அது கார்ப் பயணமும் தீவும் ஒட்டாத இரண்டு துண்டு. சாலையோடு சேர்ந்த தீவு வேண்டுமென்றால் ஏஜியனை விட்டுவிட்டு மேற்கே அயோனியன் கடல் பக்கம் பாருங்கள்.

லெஃப்கடா தீவுக்குக் கப்பலே வேண்டாம். சின்ன மிதவைப் பாலம் ஒன்று, படகுகளுக்கு வழிவிட அவ்வப்போது திறக்கும், சில நிமிடம் காத்திருந்தால் போதும். கெஃபலோனியாவுக்குக் கிலினி துறைமுகத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். கிலினி ஒலிம்பியாவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். இப்படிக் குறுகிய கடப்புக்கு அனுமதி தரும் வாடகை நிறுவனங்கள் உண்டு. முன்பதிவின்போதே கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.

சுற்று இப்படி வரும்: விமான நிலையம், நாஃப்பிலியோ, ஒலிம்பியா, கிலினி, கெஃபலோனியா, வடமுனையில் ஃபிஸ்கார்டோவிலிருந்து சிறு கப்பலில் லெஃப்கடாவின் வசிலிகி, பாலம், பிரெவெசா கடலடிச் சுரங்கம், யொவானினா, மெட்சோவோ, மெட்டியோரா, டெல்ஃபி, விமான நிலையம். வந்த வழியே திரும்பிப் போகும் இடம் ஒன்றுகூட இல்லை. யொவானினாவிலிருந்து மெட்சோவோவுக்கு எக்னாத்தியா நெடுஞ்சாலை மலையைச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து போகிறது. அதுவே ஒரு காட்சி.

கவனிக்க வேண்டியது ஃபிஸ்கார்டோ–வசிலிகி கப்பல். அது சுற்றுலாப் பருவத்துக்கு மட்டும் ஓடுவது. செப்டம்பர் கடைசியில் முறை குறையும். அது இல்லையென்றால் சாமி துறைமுகத்திலிருந்து பத்ராஸுக்குத் திரும்ப வேண்டும். சுற்று அறுந்துவிடும்.

தெற்கே போகிறவர்களுக்கு இன்னொன்று: மொனெம்வாசியா பக்கம் எலஃபோனிசோஸ். பூந்தா என்ற இடத்திலிருந்து பத்து நிமிடக் கடப்பு, கார் ஏறும். சீமோஸ் கடற்கரை அங்கேதான். ஹைட்ராவுக்கு நேர் எதிர்க்கரையில் மெட்டோகி. அங்கே காரை நிறுத்திவிட்டுச் சிறுபடகில் அரை மணிக்குள் போகலாம். ஹைட்ராவில் கார், பைக் எதுவுமே கிடையாது, பெட்டியைக் கழுதைதான் சுமக்கும். நாஃப்பிலியோவில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பகலிலேயே போய்வந்துவிடலாம்.

தெற்குக்காற்று

அழகான சுற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் 11 இரவில் ஏதென்ஸும் இருந்தால் அதில் ஏழெட்டு நாள் தினமும் கார்தான். இரண்டு ஓட்டுநர்களும் 15 நாளும் இருந்தால் நானும் அதையே சொல்வேன். 'அயோனியன் என்றால் அமைதி' என்று பொதுவாகச் சொல்வதும் முழு உண்மையில்லை. 2020 செப்டம்பர் 17, 18இல் இயானோஸ் புயல் கெஃபலோனியாவைத்தான் அடித்தது. நீங்கள் சொன்ன வரிசையில் தீவு நடுவில் வருவதால் விமானத்துக்கு ஆபத்தில்லை, அதுமட்டும் சரி.

ஹைட்ரா யோசனை நல்லது. நாஃப்பிலியோவிலிருந்து மெட்டோகி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவு அதிகம்.

வழிப்போக்கன்_12

எல்லோருக்கும் நன்றி. நாக்சோஸ் முன்னால், கார் பின்னால் என்று முடிவு செய்துவிட்டேன். ஒலிம்பியாவை விடுவதில் அப்பாவுக்குத்தான் வருத்தம். இனி கார் எடுப்பது, லைசென்ஸ், ஓட்டும் முறை பற்றி யாராவது சொல்லுங்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா? மெட்டியோராவில் படிகள் எவ்வளவு?

கியர்பெட்டி

லைசென்ஸ்: இந்திய லைசென்ஸோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி. கட்டாயம். பரிவாகன் இணையதளம் வழியாக உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். முன்பு விசாவும் காட்டச் சொல்வார்கள், 2022இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். மூல லைசென்ஸையும் எடுத்து வர வேண்டும், ஐ.டி.பி. தனியாகச் செல்லாது. இது இல்லாமல் கார் கொடுக்கிற கடை இருக்கலாம். விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

கிரெடிட் கார்டு: ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபாசிட் தொகையை அதில்தான் முடக்குவார்கள். ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு, மனைவியின் கார்டு எல்லாம் கவுண்டரில் திரும்பி வரும். நம் வங்கிகள் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் மூடியே வைத்திருக்கும். கிளம்பும் முன் செயலியில் இரண்டையும் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். டோலிலும் அதே கார்டு உதவும்.

வண்டி: ஆட்டோமேட்டிக் குறைவு, விலையும் கூடுதல். கடைசி வாரத்தில் கிடைக்காது. இடதுபக்க ஸ்டியரிங்கில் வலதுகையால் கியர் மாற்றுவது முதல் தடவை என்றால் ஆட்டோமேட்டிக்கையே இப்போது பதிவு செய்யுங்கள். நாலு பேருக்கு நாலு பெரிய பெட்டி என்றால் சின்ன ஹேட்ச்பேக்கில் இரண்டு பெட்டி மடியில்தான் வரும். அதற்காக அகலமான எஸ்.யூ.வி.யும் வேண்டாம், கிராமத் தெருக்களில் கண்ணாடி உரசும்.

காப்பீடு: அடிப்படை விலையில் வரும் சி.டி.டபிள்யூ. என்ற மோதல் சேதக் காப்பில் டயர், ரிம், கண்ணாடி, அடிப்பகுதி பொதுவாக அடங்காது. நமக்குச் சேதம் வருவது அங்கேதான். நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் காரின் இடது ஓரம் எங்கே முடிகிறது என்று உடம்புக்குத் தெரியும். அங்கே இடப்பக்கம் உட்காருகிறீர்கள், வண்டியின் அகலம் முழுக்க வலப்பக்கம் நீளும், அது புத்திக்கு எட்டாது. முதல் நாளே வலது முன் ரிம் நடைபாதைக் கல்லில் தேயும். ஆகவே எக்ஸெஸ் (சேதத்தில் நம் கைப்பணம்) பூஜ்யம், டயர்–ரிம்–கண்ணாடி–அடிப்பகுதி எல்லாம் சேர்ந்த முழுக் காப்பீடு எடுங்கள். எடுக்கும்போது நான்கு ரிம்மையும் தனித்தனியாக வீடியோ எடுங்கள், திருப்பும்போது மறுபடியும் எடுங்கள். கலம்பாக்கா வரை போய்விட்டு வந்தால் 1000 கி.மீ. தாண்டும். கிலோமீட்டர் வரம்பு இல்லாத ஒப்பந்தமா என்று பாருங்கள்.

சாலை: வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் இது மறக்காது. தவறு நடப்பது காலியான இடத்தில்தான்: பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, வண்டியே இல்லாத கிராமத்துச் சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போது. கை பழக்கதோஷத்தில் இடது தடத்துக்குப் போய்விடும். முன்சீட்டில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்வதுதான் இதற்கு மருந்து. இண்டிகேட்டர் கம்பி இடது கையில் வரும். ஒரு நாள் முழுக்கத் திரும்புவதற்குப் பதில் வைப்பர் ஓடும், பரவாயில்லை.

இருவழிச் சாலைகளில் அகலமான ஓரப்பட்டை இருந்தால், பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிட வண்டியைப் பாதி அதன்மேல் ஏற்றி ஓட்டுவது அங்கே வழக்கம். நீங்களும் கண்முன் நீளமாகச் சாலை தெரிந்தால் மட்டும் செய்யுங்கள், வளைவில் செய்ய வேண்டாம், பழுதான வண்டி ஓரத்தில் நின்றிருக்கும். எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் 'நீ போ' என்று பொருளில்லை, 'நான் வருகிறேன்' என்றுதான். இது நம் ஊர் மாதிரியேதான், பழகத் தேவையில்லை. வேகம்: ஊருக்குள் பெரிய சாலைகளில் 50, சிறு தெருக்களில் 30, வெளியே 90, நெடுஞ்சாலையில் 130 வரை, ஆனால் பலகையில் போட்டிருப்பதுதான் கணக்கு.

டோல்: கொரிந்த், பத்ராஸ், லாமியா எல்லாத் தடத்திலும் அடிக்கடி வரும். மின்பட்டை (நம் ஃபாஸ்டேக் மாதிரி) ஒட்டிய வண்டிகளுக்கு மட்டுமான தடத்தில் நுழைந்துவிடாதீர்கள், மனிதர் உட்கார்ந்திருக்கும் தடமாகப் பார்த்துப் போங்கள். ரியோ–அந்திரியோ பாலம் மட்டும் விலை அதிகம், ஒரு முறை கடக்கக் காருக்கு 15 யூரோ அளவில். 2004இல் திறந்த 2,880 மீட்டர் தொங்குகம்பிப் பாலம், கொடுத்த காசுக்கு நியாயம் உண்டு. சிக்கனம் பார்ப்பவர்களுக்கு அதன் அடியிலேயே ஃபெரி ஓடுகிறது. ஆனால் அதுவும் கப்பல்தான், வாடகை நிறுவனத்தின் அனுமதி விதி அதற்கும் பொருந்தும்.

எரிபொருள்: பங்குகளில் பெரும்பாலும் ஆள் வந்து போடுவார். 'அமோலிவ்தி' என்றால் ஈயமில்லாப் பெட்ரோல். டேங்க் மூடிக்குள் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் B எழுத்து இருந்தால் டீசல். சாவி வாங்கியதுமே பார்த்துவிடுங்கள். மலைப்பகுதிச் சிற்றூர்களில் ஞாயிறும் இரவும் பங்கு மூடியிருக்கும். டெல்ஃபியிலிருந்து கிளம்பும்போது பாதி டேங்க் இருப்பது நல்லது.

வரைபடச் செயலி: 'நான்கு நிமிடம் மிச்சம்' என்று ஊருக்குள் திருப்பிவிடும். போகப் போகத் தெரு ஒடுங்கி, ஒருவர் வீட்டு மொட்டைமாடிப் படியில் போய் முடியும். ஊர் பெயர் போட்ட பெரிய பலகை காட்டும் வழியை விடாதீர்கள். கொரிந்த் கால்வாயையும் செயலி தானாகக் காட்டாது. நெடுஞ்சாலை அதன் மேலேயே பறந்துபோகும், திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். லூத்ராக்கி வெளியேறும் வழியில் இறங்கிப் பழைய சாலைப் பாலத்தில் நின்று பாருங்கள். 1893இல் முடிந்த வெட்டு, நீர்மட்டத்தில் சுமார் 25 மீட்டர் அகலம்தான். குனிந்து பார்த்தால் கால் கூசும்.

டெல்ஃபி–கலம்பாக்கா: அம்ஃபிசா, பிராலோஸ் மலைப்பாதை, லாமியா, அதன் பிறகு ஈ65 நெடுஞ்சாலை. மலைப்பாதையைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். கடைசி நாள் மாலை ஏதென்ஸைச் சுற்றிப்போகும் அத்திகி ஓதோஸ் சாலையில் நெரிசல் இருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். டேங்கை விமான நிலையத்துக்கு அருகே ஸ்பாட்டா பக்கம் நிரப்பிவிட்டுக் கொடுங்கள்.

அடுப்பங்கரை

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், ஆனால் இரண்டு கண்ணிவெடி உண்டு.

முதலாவது, 'நிஸ்திசிமோ'. அவர்களுடைய விரத உணவு. இறைச்சி, பால், முட்டை எதுவும் இராது. அதனால் சுத்த சைவம் என்று நம்பிவிடக் கூடாது. கணவாய், இறால், ஆக்டோபஸ் எல்லாம் விரதத்தில் அனுமதி. அந்தச் சொல்லைக் கேட்டதும் தட்டில் கால்கள் வந்து நிற்கும்.

இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு விதம். தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துச் சுடும் 'கெமிஸ்தா'வும் திராட்சை இலை 'தொல்மாதெஸ்'ஸும் கொத்துக்கறி சேர்த்தும் செய்வார்கள், சேர்க்காமலும் செய்வார்கள். 'ஹோரிஸ் கிமா' என்று கேளுங்கள், கிமா இல்லாமல் என்று அர்த்தம். அந்தக் கிமாவும் நம் கைமாவும் ஒரே துருக்கிச் சொல்லின் பேரப்பிள்ளைகள், ஆகையால் மறக்காது. பொதுவாகச் சொல்ல: 'ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி, ஹோரிஸ் அவ்கோ'. இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்.

நம்பிக் கேட்கக்கூடியவை: 'ஃபாவா', மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் கடைந்து எலுமிச்சை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய் விட்டது, நம் கடைந்த பருப்புக்கு வெகு பக்கம். 'யிகாந்தெஸ்', பெரிய வெள்ளை மொச்சை தக்காளிச் சாற்றில். 'பிரியாம்', உருளை, கத்தரி, சுரைக்காய் இனம் எல்லாம் போட்டு அடுப்பில் வெந்தது. 'ஹோர்தா', வேகவைத்த கீரை, எலுமிச்சை பிழிந்து. 'ஃபாகெஸ்', பயறு சூப். கீரைப் பை 'ஸ்பனகோபிதா'வில் முட்டை சேர்ப்பது வழக்கம், பெற்றோருக்குக் கேட்காமல் வாங்காதீர்கள். சுரைக்காய் வடை மாதிரி இருக்கும் 'கொலோகிதோகெஃப்தெதெஸ்'ஸிலும் அப்படித்தான். 'அவ்கோலெமோனோ' என்ற பெயர் வந்தாலே முட்டை. நாக்சோஸ் உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர், அங்கே பசியோடு யாரும் தூங்க வேண்டியதில்லை.

நேரமும் முக்கியம். மேலே சொன்ன காய்கறிச் சமையல் காலையில் தட்டுத்தட்டாகச் செய்து மதியம் விற்பது. சில கடைகளில் உள்ளே கூப்பிட்டுத் தட்டுகளையே காட்டுவார்கள், கைகாட்டி வாங்கலாம். இரவு எட்டுக்குப் போனால் அவை தீர்ந்து, சுட்ட இறைச்சிதான் மிச்சமிருக்கும். பெற்றோருக்கு மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்து, இரவுக்குத் தயிரும் ரொட்டியும் பழமும் கடையில் வாங்கி அறையில் முடித்துக்கொள்வது உத்தமம். அந்த ஊர்த் தயிர் கெட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு உப்புப் போட்டால் மோர்.

படிகள்: மெட்டியோராவில் இப்போது ஆறு மடங்கள்தான் இயங்குகின்றன. பெரிய மெட்டியோரோனுக்குச் சுமார் 300 படி, வர்லாமுக்கு 200க்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு ஆகியோஸ் ஸ்தெஃபானோஸ். சாலையிலிருந்து ஒரு சிறு பாலம் தாண்டினால் வாசல், ஏற்றம் கிடையாது. அதற்குத் திங்கள் விடுமுறை, மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை மூடியிருக்கும். மற்ற மடங்களுக்கும் ஆளுக்கொரு விடுமுறை நாள் உண்டு. நீங்கள் இரண்டு இரவு தங்குவதால் சமாளிக்கலாம். பெண்களுக்குப் பாவாடை விதி. புடவைக்குத் தடையில்லை. சல்வாரைப் பேண்ட் கணக்கில் சேர்த்து மேலே துணி சுற்றிக்கொள்ளச் சொல்லலாம். துணி வாசலில் இருக்கும்.

நாஃப்பிலியோவின் பாலமிதி கோட்டைக்கு 999 படி என்று ஊரே பெருமை பேசும். பின்பக்கமாகக் கார்ச் சாலை கோட்டை வாசல் வரை போகிறது. நாஃப்பிலியோவுக்குப் பக்கத்து எபிடாரஸ் பழங்கால நாடக அரங்கில் மேலே ஏறினால்தான் ஒலி அதிசயம் என்பார்கள். அம்மா கீழே நடுக்கல்லில் நின்று பேசட்டும், மற்றவர்கள் மேலே ஏறிக் கேட்கலாம். கஷ்டம் டெல்ஃபியில்தான், முழுக்கச் சரிவு. அப்பல்லோ கோயில் வரை ஏறிவிட்டு, மேலே ஓட்டப்பந்தய மைதானத்தை விட்டுவிடுங்கள். அருங்காட்சியகம் சமதளம், வெண்கலத் தேரோட்டி சிலை அங்கேதான் இருக்கிறது. அக்ரோபோலிஸில் வடபுறச் சரிவில், நடக்க இயலாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, வாசலில் கேட்டால்தான் சொல்வார்கள். மேலே பளிங்குக் கற்கள் தேய்ந்து வழுக்கும், தோல் செருப்பு வேண்டாம்.

கப்பல்தளம்

ஒரு சேர்க்கை. 22ஆம் தேதி நாக்சோஸிலிருந்து திரும்ப அதிவேகப் படகை எடுக்காதீர்கள், பெரிய கப்பலையே எடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கூடுதல் ஆகும். ஆனால் காற்று லேசாக ஏறினாலும் ஓடுவது அதுதான், அப்பா அம்மாவுக்கு வாந்தியும் குறையும். 21 இரவே கப்பல் நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போது இந்திய எண்ணை நாட்டுக் குறியீட்டோடு கொடுத்தால்தான் வரும். அங்கே போய் உள்ளூர் சிம் போடப்போகிறீர்கள் என்றால் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.